மனத்திண்மை யாருக்குப் போதவில்லை?

நம் வீராங்கனைகளுக்கு மனத்திண்மை போதாதாம். தோல்வி நேரும்போதெல்லாம் மேடையேறும் கனவான்கள் இதனையே ஓதுகின்றனர். அச்சம் என்பது அப்பெண்களின் உள்ளத்தில் தானே முளைத்த களையா? விதைத்தவர் எவருமே இல்லையா?

2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இலங்கை மகளிர் கிரிக்கெட் அணியில் இடம் பெறவும் பெற்ற இடத்தைக் காத்துக்கொள்ளவும் வீராங்கனைகளிடம் பாலியல் இணக்கம் கோரப்படுவதாகப் பத்திரிகைச் செய்தி வெளிவந்தது. ஓய்வுபெற்ற நீதியரசர் நிமல் திசாநாயக்க தலைமையில் மூவர் குழு விசாரித்தது. அணி நிர்வாகத்தைச் சேர்ந்தோர் பாலியல் தொல்லை கொடுத்தமைக்குச் சான்று உண்டென 2015 மே மாதம் விளையாட்டுத்துறை அமைச்சு அறிவித்தது. கிரிக்கெட் நிறுவனமும் சிலர்மீது நடவடிக்கை எடுத்தது. நன்று. ஆனால் ஆட்கள் போனால் ஏற்பாடு மாறிவிடுமா?

பெயர்ப்பட்டியல், ஒப்பந்தம், வெளிநாட்டுப் பயணம் யாவும் மேலிருந்து கீழிறங்கும் வரங்கள். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணிக்கு அமைச்சரின் ஒப்புதலே வேண்டும். வரமளிக்கும் கையே தொல்லை தரும்போது, முறையீட்டையும் அக்கையிலேயே கொடு என்றால் எவள் வாய் திறப்பாள்? அவளது மௌனம் கோழைத்தனமன்று, சோற்றுக் கணக்கு.

சுசந்திகா ஜயசிங்க வாய் திறக்கவில்லையா, 2000இல் சிட்னியில் ஒலிம்பிக் பதக்கம் வெல்லவில்லையா என்பர். திறந்தார், அதிகாரத்திலிருந்தவரின் தொல்லைக்கு இணங்க மறுத்ததாற் பழிவாங்கப்பட்டதாகப் பகிரங்கமாகவே கூறினார். ஒருத்தி நீந்திக் கரையேறியதைக் காட்டி, மூழ்கியோரை மறைப்பது என்ன நியாயம்? இந்தியாவிலோ, சம்மேளனத் தலைவர் மீதே பாலியல் குற்றஞ்சாட்டிய வினேஷ் போகாட்டும், ஒலிம்பிக் பதக்கம் பெற்ற சாக்ஷி மாலிக்கும் 2023இல் டில்லித் தெருவிலே குந்தியிருக்க நேர்ந்தது. இவர்களுக்கா மனத்திண்மை வகுப்பு?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வலைப்பந்தாட்டத்தில் முன்னிற்கும் மாணவியரைப் பதினாறு வயதோடு பெற்றோர் வீட்டுக்கு அழைத்துக்கொள்கின்றனர். பழமைவாதிகள் என அவர்களை ஏளனம் செய்வது எளிது (நம் ஆசிரியர் அறைகளில் அது தாராளமாகவே நடக்கிறது). “அங்கே ஒன்று நடந்தால் ஆரிட்டைச் சொல்லுறது?” என்று கேட்கும் தாய்க்கு மறுமொழி எங்கே?

தெரிவுக்குழுவுக்கும் சங்கத்துக்கும் அமைச்சருக்கும் கட்டுப்படாத முறையீட்டு மன்றம் வேண்டும். முறையிட்டவளின் இடம் விசாரணை முடியும்வரை பறிக்கப்படலாகாது. தமிழ் மட்டுமே அறிந்த சிறுமி வந்தால், மொழிபெயர்ப்பாளனின் தயவின்றி அவள் சொல்வதைக் கேட்க அங்கே ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும்.