எந்தத் தெரு?

காரைக்குடியில் ஊரணிக்கரைப் பக்கம் மூணு சென்ட் மனை வாங்கப் போனேன். தரகர் விலை சொன்னார், பத்திரச் செலவு சொன்னார். அட்வான்ஸ் பணத்தை எடுத்தபோது கேட்டார்: "தம்பிக்கு ஊரு எது? அங்க எந்தத் தெரு?" சொன்னேன். மறுநாள், "மனை முடிஞ்சு போச்சு தம்பி." ஆறு மாசமாச்சு. இன்னும் அங்கே கருவேல முள்தான் குடியிருக்கு.

இந்தத் தெரு விசாரணை புதுசா? 1931 ஜூனில், காரைக்குடி ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த காலத்தில், கள்ளர்கள் கூடி ஆதிதிராவிடர்க்கும் தேவேந்திரர்க்கும் 11 தடைகள் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே துணி கூடாது. சொந்த நிலத்தை மிராசுதாருக்கு மலிவா வித்துடணும். இல்லேன்னா வயலுக்குத் தண்ணி கிடையாது. துணிக்கும் நிலத்துக்கும் ஒரே பட்டியல்! மண் கையில் இருந்தால் இவன் நிமிர்வான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்குச் செட்டிநாட்டு வீடுகள் சில விடுதிகளாகிவிட்டன. பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வர்றாங்க. காசு கொடுத்தால் நானும் ஓர் இரவு தூங்கலாம். விருந்தாளியாக வா, அண்டை வீட்டுக்காரனாக வராதே! இதுக்குப் பேர் பாரம்பரியமாம்.

சட்டம் இல்லாமலில்லை. குடியிருக்க இடம் வாங்குவதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்லுது. ஆனால் "முடிஞ்சு போச்சு" என்ற சிரிப்புக்கு எந்த ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடுவான்? தோழர்களே, தெரு கேட்ட தேதியை, சர்வே நம்பரை, சொன்ன விலையை எழுதி வையுங்கள். ஒருத்தன் சொன்னால் புலம்பல். பத்துப் பேர் எழுதினால் சாட்சியம். நம் தெருப் பேரைச் சொல்லித்தான் மனை வாங்குவோம்.