சார்ஜர் தந்த பாடம்

செல்போன் சார்ஜர் அற்ப விஷயமா? அல்ல! கம்பெனிக்கொரு பின் என்று வைத்து மக்களின் மடியில் கைபோட்டார்கள் ஏகபோக முதலாளிகள். ஐரோப்பாவில் ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் சார்ஜர்கள் குப்பைக்குப் போயின என்பது ஐரோப்பிய யூனியனின் மதிப்பீடு.

தாமே ஒழுங்குபடுத்திக் கொள்வதாக 2009-ல் கம்பெனிகள் வாக்களித்தன. 30 வகை 3 வகையாயிற்று, அதற்குமேல் நகரவில்லை. சட்டம் வந்தால் புதுமை பாழாகும் என்றது ஆப்பிள் கம்பெனி. ஐரோப்பிய பார்லிமெண்ட் மசியவில்லை. 2022 அக்டோபரில் சட்டத்துக்கு ஆதரவாக 602 ஓட்டு. எதிராக 13 மட்டுமே! 2023-லேயே ஆப்பிளும் டைப்-சி பின்னுக்கு இறங்கி வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் சட்டம் அமலாகியது.

புதுமை செத்துவிட்டதா? இல்லை. செத்தது கொள்ளை லாபத்தின் ஒரு வழியே. முதலாளிகளின் வாக்குறுதியை நம்பிக் காத்திராமல், பொதுத் தரத்தைச் சட்டமாக்கப் போராடுவோம்!