பாலில் ஆன்டிபயாடிக்: ஒளியில் இயங்கும் சில்லு காட்டிக்கொடுக்குமா?

உறை ஊற்றியும் சில நாள் தயிர் தோயாது. அதற்குப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று, மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக். மருந்து, தயிராக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். மடிநோய்க்கு ஊசி போட்டால், மருந்து உடலைவிட்டு நீங்கும்வரை அந்தப் பாலை சொசைட்டியில் ஊற்றக் கூடாது. ரெண்டு மாடு வைத்திருப்பவருக்கு அது லேசான காரியமில்லை. காய்ச்சினாலும் மருந்து முழுசாகப் போகாது.

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2018 ஆய்வில், 6,432 பால் மாதிரிகளில் 77-ல் வரம்பை மீறி ஆன்டிபயாடிக் இருந்தது. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் ஒரு கேன் பால் டேங்கர் முழுக்கக் கலந்துவிடும்.

சொசைட்டியிலேயே கண்டுபிடிக்க முடியாதா? பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு சுமார் 3 மணி நேரம் ஆகும், பால் காத்திருக்காது. நிமிடங்களில் முடிவு சொல்லும் பட்டைகள் உண்டு. ஒவ்வொரு கேனுக்கும் ஒன்று என்றால் செலவு கட்டுப்படியாகாது.

இங்கேதான் ஒளியில் இயங்கும் நொதி உணரி வருகிறது. சிலிக்கான் சில்லின் மேல் பென்சிலினேஸ் நொதியைப் பூசுகிறார்கள். பென்சிலினுக்கு அடங்காத பாக்டீரியா, மருந்தை உடைக்கப் பயன்படுத்தும் அதே ஆயுதம்தான் இது. 1940-லேயே ஆபிரகாமும் செயினும் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். நொதி பென்சிலினை உடைத்தால் அமிலம் உண்டாகும். சில்லின் மேல் விளக்கொளியைத் துடிக்கவிட்டால், ஒளி பட்ட இடத்தின் அமிலத்தன்மைக்கு ஏற்ப மின்னோட்டம் மாறும். ஒளியை நகர்த்தினால் ஒரே சில்லில் பல இடங்களைச் சோதிக்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் அளவில் இருக்கிறது. பாலில் பென்சிலினுக்கு சர்வதேச கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். இத்தகைய சில்லுகள் பொதுவாக அளப்பதோ, அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேலான செறிவை. மருந்து ஆலைக்கு அது போதும், பால்கேனுக்குப் போதாது. போதாக்குறைக்கு, அமிலம் சிறிது கூடினாலும் பாலே அதைச் சமாளித்துவிடும். சில்லுக்கு மாற்றம் தெரியாது. டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளை இந்த நொதி தொடவே தொடாது.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. சீனாவில் இதே நொதியைப் பாலில் கலந்து மருந்தை மறைத்தார்கள். அரசு தடை போட்டது. அப்படிப்பட்ட பாலில், சில்லு தேட வேண்டிய பென்சிலின் முன்பே உடைந்துபோயிருக்கும்.