உண்ணா நோயும் நம்மவர் நாவும்

நம்மவர் வீட்டு விசேஷங்களில் பந்திக்கு இலை விழுமுன்னரே ஏச்சு விழுந்துவிடுகிறது. "என்னம்மா, இப்படிப் பெருத்துவிட்டாய்?" என்பார் ஒருவர், "எலும்புந் தோலுமாய்ப் போனாயே!" என்பார் மற்றொருவர். கேட்ட பெண் சிரித்து மழுப்புவாள். அவளுக்கு உண்ணா நோய் இருக்குமாயின், அவ்வொரு சொல் எரிகிற நெருப்பில் வார்த்த எண்ணெயாகும் என்பதை ஏசியவர் அறியார்.

இந்நோய் வைத்திய சாஸ்திரத்துக்குப் புதிதன்று. பட்டினி கிடந்து தேகம் தேய்வதை, 1873இல் லண்டனில் வில்லியம் கல்லும் பாரிசில் லசேக்கும் தனித்தனியே விவரித்தனர். அதற்கு அனோரெக்சியா என்று பெயர். அளவின்றி உண்டு, பின் அஞ்சி மறைவில் வாந்தியெடுக்கும் புலிமியாவை 1979இல் ஜெரால்டு ரஸ்ஸல் விவரித்தார். பின்னவரது தோற்றம் பெரும்பாலும் மற்றவர் தோற்றம் போலவே இருக்கும். ஆனால் தேகத்தின் உப்புகள் குறைந்து இருதயத் துடிப்பே தடுமாறக்கூடும். ஆண்களையும் இந்நோய் விடுவதில்லை.

நம்மவர் இதற்குச் சொல்லும் காரணங்கள் யாவை? "திமிர்" என்பர் சிலர். "காற்றுச் சேட்டை" என்று தாயத்துக் கட்டுவர் சிலர். "கஞ்சிக்கு அலைந்த வமிசத்தில் பணக்கார வியாதி வருமா?" என்பர் இன்னுஞ் சிலர்.

திமிர் என்போர் கேட்கட்டும். 1945இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார், தாமாக முன்வந்த 36 இளைஞருக்கு ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிற்று உணவே அளித்துச் சோதித்தார். திடமான உடலும் உள்ளமும் உடையவரென்று தேர்ந்தெடுக்கப்பட்ட அவர்கள், எடையில் ஏறக்குறைய காற்பங்கை இழந்தனர். உணவே அவர்களது நினைவாயிற்று. சமையற் குறிப்புகளைச் சேர்த்தனர். சிரிப்பற்றுக் கூட்டத்தை விட்டு ஒதுங்கினர். பட்டினியே மனத்தைத் திரிக்குமென்று இதனால் விளங்கவில்லையா? திரிந்த மனத்தைத் திமிரென்று தூற்றுவது எவ்வகை நியாயம்?

நிற்க. இந்நோய்க்கு விடிவுண்டா என்று கேட்கும் பெற்றோருக்கு, உண்டென்றே கூறுகிறோம். பாஸ்டன் நகரில் நோயுற்ற மாதரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியொன்று 2017இல் வெளியாயிற்று. அனோரெக்சியா கண்டவருள் ஒன்பது ஆண்டளவில் குணமடைந்திருந்தோர் நூற்றுக்கு 31 பேர். இருபத்திரண்டு ஆண்டளவில் ஏறக்குறைய 63 பேர். ஆகவே, நாட்பட்ட நோயென்று எவரையும் கைவிடலாகாது.

அவ்வளவு காலம் ஒருவர் தனியே போராடுவதெங்ஙனம்? லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையார் 1987இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இளவயதில் நோய் தொடங்கி மூன்றாண்டு கடவாதவர்க்குக் குடும்பத்தாரையும் சேர்த்துச் செய்த சிகிச்சை மிகுந்த பயன் தந்ததென்று காட்டிற்று. பெற்றோர் இங்கே குற்றவாளிகளல்லர். வேளைதோறும் பிள்ளையுடன் அமர்ந்து உண்பிக்கும் துணைவர்.

சகோதர சகோதரிகளே! பெரட்டில் ஆட்கணக்கும் தராசில் பாற்கணக்கும் எழுதும் கிராணி வேலையிலுள்ள நாம் சொல்லுகிறோம்: பாலை நிறுக்கத் தராசு வேண்டும், பிள்ளைகளை நிறுக்க நம் நாவு வேண்டாம். பந்தியில் உடலைப் பற்றிய பேச்சை ஒழியுங்கள். நோய்க்குறி கண்டால் தாயத்தைத் தேடாமல் வைத்தியரைத் தேடுங்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இந்நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று வயிறு நிறைய ஊட்டாதீர்கள். அதுவே உயிருக்கு உலை வைக்கலாம். உணவின் அளவை வைத்தியர் சொல்லட்டும்.

கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் திறக்கும் நம் மண்டபங்கள், மாதத்தில் ஒருநாள் இவர்களுக்காகவும் திறக்கட்டும். குணமடைந்தவர் வந்து தம் வாயால் பேசட்டும். "நமக்கு மட்டுந்தான் இப்படி" என்று கதவடைத்து அழும் ஒரு பிள்ளையும் அவள் தாயும் அங்கே அமர்ந்து கேட்கட்டும். தலைவர்களே, அந்த ஒருநாளை எப்பொழுது தரப்போகிறீர்கள்?