முகத்தை மறைத்த இசை

1983ல் வெளியான ‘ராக்கிட்’டில் பாடகர் கிடையாது, கதை சொல்லும் வரிகளும் கிடையாது. சின்தசைசர், டிரம் இயந்திரம், சுழலும் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பிய ‘ஸ்க்ராட்ச்’ ஓசை - இவைதான் சரக்கு.

அதை வாசித்த ஹெர்பி ஹான்காக் சிகாகோவில் பிறந்த கறுப்பர். 11 வயதில் சிகாகோ சிம்ஃபனி இசைக்குழுவுடன் மொசார்ட் வாசித்தவர். பிறகு மைல்ஸ் டேவிஸ் ஜாஸ் குழுவின் பியானோ கலைஞர்.

கெவின் காட்லியும் லோல் க்ரீமும் இயக்கிய வீடியோ விசித்திரமானது. ஒரு வீடு. அதில் ஜிம் வைட்டிங் செய்த இயந்திர பொம்மைகள். உடம்பில்லாத கால்கள் தாளத்துக்கு உதைக்கின்றன. படுக்கையில் உருவங்கள் புரள்கின்றன. ஹான்காக்? அந்த வீட்டு டி.வி.க்குள் மட்டும் தெரிகிறார். முடிவில் அந்த டி.வி.யும் வாசலில் நொறுங்குகிறது.

இது வெறும் கலைக் குறும்பு அல்ல. கறுப்புக் கலைஞர்களை எம்.டி.வி. அபூர்வமாகவே காட்டிய காலம் அது. ஏன் என்று டேவிட் போவி அதே ஆண்டு அந்தச் சேனலின் பேட்டியிலேயே கேட்டார். தன் முகம் அதிகம் தெரிந்தால் வீடியோ ஒளிபரப்பாகாது என்பது ஹான்காக்கின் கணிப்பு. அதனால் ஒதுங்கிக்கொண்டார்.

உத்தி பலித்தது. 1984ல் நடந்த முதல் எம்.டி.வி. விருது விழாவில் ‘ராக்கிட்’டுக்கு 5 விருதுகள். பொம்மைகளுக்கு முழுத் திரை கிடைத்தது. இசைத்தவருக்குக் கிடைத்தது டி.வி. பெட்டி அளவு இடம்.