தாமிரபரணிக் கரைக்கு அவை திரும்பட்டும்

தூத்துக்குடி மாவட்டத்தின் மிகப் பழைய கலைப்பொருள்களில் ஒரு பகுதியைக் காண முத்துநகர்ப் பிள்ளைகள் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருக்கிறது. இன்னொரு பகுதியைக் காண வேண்டுமானால் ஜெர்மனிக்கே போக வேண்டும். இம்மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள பழைய புதைமேடான ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் அகழ்ந்தெடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகம் சேர்ந்தன. பொன் நெற்றிப்பட்டம், இரும்பு வாள், ஈட்டி, எருமையும் சேவலும் நிற்கும் வெண்கல மூடிகள்! அந்த எருமையின் வளைந்த கொம்பை வார்த்தவர் தாமிரபரணிக் கரையில் அதை நாள்தோறும் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். பிறந்த மண்ணிலிருந்து இவ்வளவு தொலைவில், கண்ணாடிப் பெட்டிக்குள் அதற்குப் பாதி உயிர்தான். பத்திரமாகக் காத்தார்கள் என்பது உண்மை. அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் காத்ததாலேயே அது என்றைக்கும் அங்கேயே இருக்க வேண்டும் என்பது நியாயமாகாது. 2020 மத்திய பட்ஜெட்டில், களத்திலேயே அருங்காட்சியகம் அமைக்கத் தேர்வான ஐந்து இடங்களில் ஆதிச்சநல்லூரும் ஒன்று. இறந்தோரைப் புதைத்த தாழிகளை அவை கிடந்த குழியிலேயே, கண்ணாடித் தளத்தின் மேல் நின்று பார்க்கவும் வழி செய்திருக்கிறார்கள். தாழியை அங்கே காட்டிவிட்டு, அதனருகே கிடைத்த பொன்னையும் வெண்கலத்தையும் வேறு ஊரில் வைத்திருப்பது என்ன முறை? எழும்பூரில் உள்ளவற்றைத் தமிழக அரசு முதலில் அனுப்பட்டும். பெர்லினில் உள்ளவற்றை, கடனாகவேனும், மத்திய அரசு கேட்டுப் பெறட்டும்.