கோளாறை மறைக்காதே! எங்க கிணத்துல காட்டாதே!



ஏலகிரி அடிவாரம் தொடங்கி வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வரை நிலத்தடி நீரை நம்பிப் பிழைக்கிறவர்கள் நாம். கிணத்து மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினாலே நமக்குத் தெரிந்துவிடும். ஆம்பியர் முள்ளைப் பார்ப்போம். முதலில் மோட்டாரை நிறுத்துவோம். அப்புறம்தான் கோளாறைத் தேடுவோம். பழுதோடு ஓட்டினால் காயில் கருகிப்போகும். ரெண்டு ஏக்கர்காரனுக்குத் தெரிந்த இந்த நியாயம் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பொருந்தாதா?

அங்கே தோல் கழிவுநீரின் அழுக்கைத் தின்பவை நுண்ணுயிர்கள். ராவும் பகலும் அவற்றுக்குக் காத்து வேணும். காத்தடிக்கிற மிஷின் பல மணி நேரம் நின்றுபோனால் அவை சாகத் தொடங்கும். பழுப்பாக இருந்த தொட்டி கறுக்கும், அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். மறுபடி தேற்றப் பல நாள் ஆகும். உப்பையோ அந்த உயிர்களும் தின்னாது. சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சித்தான் எடுக்கணும். சவ்வு அடைத்துக்கொண்டால் உப்புத் தண்ணி தேங்கும்.

மிஷின் என்றால் பழுதாகும். அதை யாரும் குத்தம் சொல்லவில்லை. ஆனால் பழுதான பிறகும் தோல் ஊறவைப்பதை நிறுத்தாவிட்டால், வந்து சேரும் தண்ணி எங்கே போகும்? ஓடைக்கும் ஆத்துக்கும்தானே!

2015 ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிய 10 தொழிலாளர்கள் செத்தார்கள். வயிற்றுப் பிழைப்புக்கு வந்த ஏழைகள். கோளாறைக் காலத்தில் கண்டு சொல்லாவிட்டால் முதல் பலி தொழிலாளி, அடுத்த பலி விவசாயி.

1996 ஆகஸ்ட் 28-ல் உச்சநீதிமன்றம், கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்து, தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. 2025 ஜனவரி 30-ல், இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலிக்கச் சொன்னது. இழப்பீடு நம் உரிமை. ஆனால் உப்பேறிய கிணறு பணத்தால் இனிக்காது. கெடுவதற்கு முன்பே தடுக்கணும்.

2014-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தானியங்கி அளவுக் கருவிகளை வைக்கச் சொல்லிவிட்டது. கருவி தன் வாயில் பாயும் தண்ணியைத்தான் அளக்கும். வேறு வழியில் போகிற தண்ணி அதுக்குத் தெரியாது. ஆகவே நமது கோரிக்கைகள்:

1. நிலையம் பழுதானால் அன்றைக்கே ஊராட்சிக்குச் சொல்ல வேண்டும். சரியாகும்வரை கழிவுநீர் அனுப்பும் தொழிற்சாலைகள் நிற்க வேண்டும். அந்த நாட்களுக்குத் தொழிலாளிக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

2. வந்த தண்ணி, சுத்தமான தண்ணி, காத்து மிஷின் எடுத்த கரண்ட் யூனிட் மூன்றையும் தினமும் வாசல் பலகையில் தமிழில் எழுத வேண்டும். மூன்றையும் ஒப்பிட்டால் பொய் நிற்காது.

3. சுத்தமாகாத தண்ணியை வெளியே விடும் மாற்று வழிகளை அதிகாரிகள் சீல் வைக்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. ஊருக்கு ஒரு உப்பு அளக்கும் மீட்டர் வாங்குவோம். வாரம் ஒருமுறை கிணறுகளை அளந்து நோட்டில் தேதியோடு எழுதுவோம். வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புக்கு வாரியம் வைத்த எல்லையே லிட்டருக்கு 2100 மில்லிகிராம்தான். அளவு திடீரென ஏறினால் அன்றே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குவோம். தொட்டிக்குள் மட்டும் யாரும் இறங்காதீர்கள், விஷவாயு ஆளைக் கொல்லும்.

வாய்ப்பேச்சை அதிகாரி மறப்பார். நோட்டை மறுக்க முடியாது. ஒன்று சேர்வோம்! கணக்குக் கேட்போம்!